கருவாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சோலார் தாள்

பெயருக்கு முன்னால் முனைவர் என்றும் பின்னால் தலைமை விஞ்ஞானி என்றும் அச்சடித்துக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

விழா அழைப்பிதழ் நேற்று கூரியரில் வந்து சேர்ந்தது. திருவொற்றியூரில் இருக்கும் பெற்றவர்களுக்கு இதே ஊரின் மறுகோடியான துரைப்பாக்கத்திலிருந்து கூரியரில் அழைப்பு அனுப்பும் அளவுக்கு நீ பெரிய மனிதனாகிவிட்டாய் என்பதை அந்த உறையே சொல்லிவிட்டது. உள்ளே வழவழப்பான அட்டை. ஒரு பக்கத்தில் உன் சோலார் கம்பெனி நிறுவனர் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். அங்கே அவருக்கு என்ன தெரிகிறதோ. இன்னொரு பக்கத்தில் 'எண்ணூர்க் காற்றையே வென்ற தாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு சதவீதத்தையும் அச்சடித்திருக்கிறீர்கள். கடைசி வரியில், இந்தச் சோதனைக்குத் தன் வீட்டு மாடியைக் கொடுத்த தாய்க்கு மேடையில் பொன்னாடை போர்த்தப்படும், அவர் சில வார்த்தைகள் பேசுவார் என்று இருக்கிறது. அதைப் படித்ததும் போனைத்தான் எடுத்தேன். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்கிறாய். உங்கள் மீட்டிங் முடிவதே இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. உங்கள் ஆபீஸில் காபி மிஷினுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாலும் சந்தோஷம்தான்.

அப்படி ஒட்டினால் படிக்கப்போகிறவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பெயிண்ட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலை ரொம்பச் சாதாரணம். இரும்புத் தகட்டில் பெயிண்ட் அடித்து, குறுக்கே ஒரு கீறல் போட்டு, கம்பெனி மொட்டை மாடியில் சாய்வுச் சட்டத்தில் தெற்குப் பார்த்து மாட்டிவிடுவோம். பிறகு காத்திருப்போம். கடல் காற்று வரும், உப்பு வரும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும், மழை வரும். யாரும் அதைத் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது, திருப்பக் கூடாது. விற்பனைப் பிரிவுக்காரர்கள் டை கட்டிக்கொண்டு வந்து, "இன்னும் எவ்வளவு நாள் சார்?" என்று கேட்பார்கள். "துரு வரும்வரை" என்பேன். அவர்களுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது. பளபளப்பான டப்பாவின் மேல் என்ன எழுதலாம் என்று யோசிப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஆட்களிடம் எனக்கு எந்தக் காலத்திலும் மரியாதை வந்ததில்லை. அப்படிப்பட்ட கூட்டத்தில் என் வீட்டிலிருந்தே ஒருவன் போய்ச் சேருவான் என்று நினைக்கவில்லை.

உன் ஆராய்ச்சியை நான் மட்டமாக நினைப்பதாக நீ சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறாய். அது பொய். ஊரில் எல்லோர் மாடியிலும் ஏறியிருக்கும் சிலிக்கான் பலகை கண்ணாடியும் அலுமினியமுமாகக் கனக்கும். நம் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அதை வைத்தால் கூரை கீழே வந்துவிடும். உங்களுடையது வேறு வழி. கார்பனை அடிப்படையாகக் கொண்ட பொருள்களைக் கரைத்து, மை மாதிரி ஆக்கி, பிளாஸ்டிக் தாளில் பூசுகிறீர்கள். பூச்சு என்று சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரானைக் கொடுக்க ஒரு பொருள், வாங்கிக்கொள்ள ஒரு பொருள். இரண்டும் பக்குவமாகக் கலந்திருக்க வேண்டும். அதிகமாகக் கலந்தால் மின்சாரம் வெளியே வர வழி கிடைக்காது. அதிகமாகப் பிரிந்தால் பாதி வழியிலேயே செத்துப்போகும். இதையெல்லாம் நீ சாப்பாட்டுத் தட்டில் சாம்பாரால் படம் போட்டு எனக்கு விளக்கினாய். வெகுகாலமாக வாங்கிக்கொள்ளும் வேலையைப் பார்த்துவந்தது கால்பந்து வடிவத்தில் இருக்கும் ஒரு கார்பன் மூலக்கூறு. வியாசர்பாடிப் பையன்கள் கால்பந்துக்குப் பேர் போனவர்கள் என்பதால் வியாசர்பாடி மூலக்கூறு என்று அதற்கு நீ பெயர் வைத்தாய். அதற்கு வெளிச்சத்தைப் பிடிக்கும் திறமை போதாது, நம் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்யவும் இடம் கொடுக்காது. பிறகு தட்டையாக, நீளமாகப் புது மூலக்கூறுகள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரைக்கும் உறிஞ்சின. ஒற்றை இலக்கத்தில் திணறிக்கொண்டிருந்த திறன், அதாவது வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் மின்சாரமாகிறது என்ற கணக்கு, மளமளவென்று ஏறி இருபதை எட்டிப் பார்த்தது. தட்டில் சாம்பார் காய்ந்துபோகும் வரை நீ பேசினாய். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையை உன் கம்பெனி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் நீயே குறைத்தாய். கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நைட்ரஜன், பக்கவாட்டில் கறுப்புக் கையுறைகள். அதற்குள் கையை விட்டுக்கொண்டு ஒரு பெண் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு செல்லைக் காட்டினாள். அதில் திறன் ஏதோ ஒரு பொட்டு ஏறிவிட்டதாம், கேக் வெட்டினீர்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தீர்கள். அந்தப் பெட்டிக்குள் மழை கிடையாது, பனி கிடையாது, உப்பு கிடையாது, ஆக்சிஜன்கூடக் கிடையாது. அப்படி ஓர் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் என் முட்டிகூடத் தேயாமல் இருந்திருக்கும். நகத்தளவு செல்லில் வருகிற எண் கூரையளவு தாளில் வருமா என்று கேட்டேன். "கொஞ்சம் குறையும்பா" என்றாய். ஈரம் பட்டால்? "சீல் பண்ணிடுவோம்பா." சீல் ஓரத்தில் ஈரம் ஏறினால்? இதற்கு உன் நிறுவனர் பதில் சொன்னார். "அங்கிள், நீங்க ரொம்ப நெகட்டிவா யோசிக்கிறீங்க." வாழ்நாள் முழுவதும் பெயிண்ட் எப்போது உரியும் என்று பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்கியவனிடம் இப்படி ஒரு வார்த்தை. கேக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வைகாசியில் உங்கள் படை நம் வீட்டுக்கு வந்தது. காரைத் தெருவுக்குள் கொண்டுவர முடியாமல், கண்டெய்னர் லாரிகள் நிற்கிற எக்ஸ்பிரஸ் சாலையிலேயே விட்டுவிட்டு, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நடந்து வந்தார்கள். உன் நிறுவனர் ஷூவோடு மாடி ஏறினார். உன் அம்மா அங்கே நெத்திலியைத் தட்டுகளில் பரப்பிக் காயவைத்திருந்தாள். காசிமேட்டில் பிறந்தவள், மீன் மலிவாக இருக்கும் நாளில் கருவாடு போடாமல் அவளால் இருக்க முடியாது. அந்த வாடையையும் அனல்மின் நிலையப் புகையையும் ஒரேயடியாக உள்ளே இழுத்துவிட்டு அவர், "சூப்பர் லொக்கேஷன் அங்கிள்! இந்த ஏர்ல தாங்கிச்சுன்னா உலகத்துல எங்க வேணா தாங்கும்" என்றார். நாங்கள் பிறந்து வளர்ந்து, மூச்சுவிட்டு, பிள்ளை பெற்ற காற்று அவருக்கு ஒரு சர்டிபிகேட். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். மூங்கில் பாய் அகலத்துக்கு ஒரு நீலத் தாளை லேசான சட்டத்தில் பொருத்தி நெத்திலித் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தீர்கள். அதிலிருந்து ஒரு நீள ஒயர், மாடிப்படிக் கூரைக்குள் மாட்டிய பெட்டியோடு சேர்ந்தது. எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று பெட்டி குறித்துக்கொள்ளும் என்றாய். உன் அம்மாவிடம், "கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. தொடாதே என்று சொல்லவில்லை. முட்டி வலி வந்த பிறகு நான் மாடி ஏறுவதில்லை என்பதால் நானும் சொல்லவில்லை.

அந்தத் தாள் எதற்காக என்பதையும் உன் ஆட்கள் மறந்துபோயிருக்கக்கூடும். காசிமேட்டில் உன் மாமாவும் அவரைச் சேர்ந்த குடும்பங்களும் வலை சரிபார்க்கிற, மீன் தரம் பிரிக்கிற பெரிய கொட்டகை இருக்கிறதே, ஆஸ்பெஸ்டாஸ் போட்டது, அதன் கூரை முழுக்க உங்கள் தாளை விரிக்கப் போகிறீர்கள். விளக்கு எரியும், மீன் வைக்கிற குளிர்ப்பெட்டி ஓடும், டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிடலாம். இது நல்ல யோசனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு எந்தப் பலகையையும் அந்தக் கூரை தாங்காது. ஆனால் அங்கே இருப்பவர்கள் உன் சதவீதத்தைப் பார்த்துத் தலையாட்டவில்லை. உன் மாமா ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்று, "நம்ம புள்ள பண்ணதுபா. அக்கா வூட்டு மாடில மழை புயலு எல்லாத்தியும் தாங்கிகினு கீது. இன்னா பேஜாரு வந்துரப் போவுது?" என்று சொல்லியிருக்கிறார். ஜெனரேட்டரை விழா முடிந்த மறுநாளே கழற்றிக் கொடுப்பதாகப் பேச்சு. அந்தக் கூரையில் தாள் செத்தால் குளிர்ப்பெட்டி நிற்கும், மீன் நாறும், உன் மாமா அதே வாசல்களைத் தாண்டித்தான் தினமும் கடலுக்குப் போக வேண்டும்.

கார்த்திகையில் நீ வந்தது நல்ல மழை நாள். பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டாய், கணக்கு முடிந்துவிட்டது, தாள் விழாவரைக்கும் போட்டோவுக்காக இருக்கட்டும் என்றாய். வெயில்காலத்தையும் பெருமழையையும் தாண்டி உங்கள் தாள் கிட்டத்தட்ட வைத்த மாதிரியே மின்சாரம் கொடுத்திருக்கிறது, லேபில் எதிர்பார்த்ததையும் மீறிவிட்டது என்று சந்தோஷத்தில் உன்னால் உட்கார முடியவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இந்த நெகட்டிவ் ஆசாமி தோற்றுப்போனதற்காக உனக்கு இன்னொரு வஞ்சிரத் துண்டை எடுத்து வைத்தேன். உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "கெடுமா பின்ன? நான் எப்டி பாத்துகினேன் தெரியுமா? சாயங்காலமானா கருவாட்டோட அத்தியும் உள்ள தூக்கி வெச்சிருவேன்."

நீ சோற்றிலிருந்து கையை எடுத்தாய். "தினமுமா?" என்றாய். "தெனமும்தான். மழ வர்ற மாதிரி இருட்டிகினு வந்தாலும் தூக்கிருவேன். ஒயரு நீட்டமாத்தானே கீது, படிக்கூரைக்குள்ள வெச்சு மேல ஒரு பழைய பொடவய போத்திருவேன். காலைல காப்பி குட்ச்சிட்டு திரும்ப எட்து வெச்சிருவேன்." உன் முகத்தைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். "இன்னா நைனா, தப்பா? மொட்ட மாடில கீற பொருள பனி வுழறதுக்குள்ள உள்ள எடுக்க மாட்டாங்களா? கருவாட்ட மட்டும் எட்துகினு எம்புள்ள பொருள பனில வுட்டுட்டு வருவனா நானு?"

எனக்கு ஒரு நிமிடம் சிரிப்புத்தான் வந்தது. பெரிய படிப்புப் படித்த கூட்டம் ஒன்று கடலோரத்தில் சோதனை நடத்துகிறது, சோதனைப் பொருள் இரவானால் புடவை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. உங்கள் பெட்டியால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இருட்டில் தாள் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் மின்சாரம் ஒன்றும் வரப்போவதில்லை. மழை நாளில் எண் படுத்துக் கிடந்ததை வெளிச்சம் இல்லை என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். உன் ஆட்கள் வந்தபோதெல்லாம் பகல், தாள் அதன் இடத்தில் இருந்தது. ஓரம் வழியாக உள்ளே புகுந்து பூச்சைக் கெடுக்கிற பனியையும் மழையையும்தான் அது பார்க்கவே இல்லை. நான் மாடி ஏறியிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். கம்பெனி மாடியில் யாரும் தொடாமல் தகடுகளைக் காத்தவன் வீட்டு மாடியிலேயே இப்படி நடந்ததால், அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. சரி, ஒரு மழைக்காலம் போயிற்று, மறுபடியும் வைத்துப் பார்க்கலாம், இதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

நீ என்னை முந்திக்கொண்டாய். கை கழுவிவிட்டு வந்து உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் மிட்டாய் கேட்கும்போது வருகிற அந்தக் குரலில், "அம்மா, இத யார்ட்டயும் சொல்லாதே" என்றாய். "மாமாகிட்டயும் சொல்லாதே. விழாவுல கேப்பாங்க. ராவும் பகலும் வெளியவே கெடந்துச்சு, நான் தொடவே இல்லன்னு மட்டும் சொல்லு, போதும்." நான் கத்தினேன். நீ நிதானமாக எனக்கு வகுப்பு எடுத்தாய். லேபில் சூட்டிலும் ஈரத்திலும் வைத்த சோதனையில் அது தேறிவிட்டதாம். அடுத்த பேட்சில் ஓரத்துக்கு வேறு பசை வருகிறதாம், இதைவிடப் பத்து மடங்கு கெட்டியாம். உன் நிறுவனர் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். "இது வெறும் டெமோப்பா, நீங்க பெயிண்ட் காலத்துலயே இருக்கீங்க" என்றாய். ஆமாம், அந்தக் காலத்தில்தான் இருக்கிறேன். உரிந்ததை உரிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காலம் அது.

இப்போது ஒரு தகப்பன் சொல்ல வேண்டிய புத்திமதியைச் சொல்கிறேன், கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. உன் துறை ஒன்றும் கேவலமானது இல்லை, அதை நீங்கள் கேவலப்படுத்தாதீர்கள். புது மூலக்கூறு கண்டுபிடித்தவர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ நாட்டில் ராப்பகலாக உழைத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய்: திறன் ஏறிவிட்டது, ஆயுள் இன்னும் ஏறவில்லை. அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம் இல்லை. உங்கள் கூட்டத்துக்கு மட்டும் கூச்சம். ஒரு பொருள் கெடும் என்று தெரிந்தால் எங்கே கெடுகிறது என்று பார்த்துச் சரிசெய்யலாம். கெடவே கெடாது என்று மேடையில் சொல்லிவிட்டால் பிறகு யார் உட்கார்ந்து சரிசெய்வார்கள்? போட்டோ பிடித்து, கைகுலுக்கி, அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். இப்படிப்பட்டவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்கா உன் அம்மா உன்னை டியூஷனுக்குத் தண்டவாளம் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாள்? உனக்குத் தெரியாதா என்ன, தெரியும். தெரிந்தே செய்கிறாய், அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அடுத்த பேட்சில் பசை நன்றாக வருமென்றால், அடுத்த பேட்சை அடுத்த மழையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசு. காசிமேட்டுக்காரர்கள் ஒரு வருடம் காத்திருக்க மாட்டார்களா? கடலை நம்பி வாழ்கிறவர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். உன் நிறுவனருக்குத்தான் தெரியாது.

இதை மட்டும் சொல்லி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை நடந்ததையும் எழுதியாக வேண்டும். நீ போன நாளிலிருந்து உன் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு அந்த வாக்கியத்தை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ராவும் பகலும் வெளியவே கெடந்துச்சு. நான் தொடவே இல்ல." குழம்பு கொதிக்கும்போது சொல்வாள், பாதியில் நிறுத்திவிடுவாள், மறுபடி ஆரம்பிப்பாள். அவள் பேசத் தெரியாதவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். மீன் மார்க்கெட்டில் அவள் வாயைத் திறந்தால் நாலு கடை தள்ளி இருப்பவன்கூட விலையைக் குறைப்பான். அவளுக்கு இந்த ஒரு வாக்கியம் மட்டும் நாக்கில் நிற்கவில்லை. என்ன இழவுக்கு இதைப் போட்டு மனப்பாடம் செய்கிறாய் என்று நான் எரிந்து விழுந்தேன். "புள்ள கேட்டுகினான். சும்மா இருபா" என்றாள்.

பிறகு ஒருநாளிலிருந்து ஒப்பிப்பதை விட்டுவிட்டாள். நான் அதைக் கவனிக்கவில்லை. கார்த்திகைக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியதே, அப்போது கருவாட்டுத் தட்டை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு நனைந்தபடி இறங்கி வந்தாள். தாள் எங்கே என்று கேட்டதற்கு, "அது கெடக்குது வுடு" என்றாள். படிக்கூரைக்குள் வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மார்கழி முழுக்கப் பனி. இன்று காலை அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, முட்டி வலியோடு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினேன். தாள் வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. நாலு ஓரமும் வெளுத்துப்போயிருந்தது. ஓரத்துப் பசை விட்டு, உள்ளே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நீலம் பாதிக்கு மேல் போய்விட்டது. உன் அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் போகிற வெளுப்பு இல்லை அது. நான் அப்படிப்பட்ட வெளுப்பை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் உள்ளே எடுக்கவில்லை என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ராவும் பகலும் வெளியவே கெடந்துச்சுன்னு சொல்ல சொன்னான் இல்ல? கெடக்கலயே. மைக்க புட்ச்சு பொய் எப்டிபா சொல்றது? அதான், இப்ப கெடக்க வுட்டா அப்பால சொல்ற வார்த்த பொய்யாவாதேன்னு வுட்டுட்டேன்" என்றாள். மழை கொட்டிய அன்றைக்கு இரண்டு தடவை தூக்கப் போய் திரும்பி வந்தாளாம். தன் கையாலேயே தன் பிள்ளையின் பொருளைக் கெடுத்துவிட்டதாக அவள் நம்புகிறாள். நீ விழுந்து விழுந்து படித்ததெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது, தான் அதை மழையில் போட்டுவிட்டோம் என்று நினைக்கிறாள். இது அவள் கெடுத்தது இல்லை, அந்தத் தாளால் முடிந்தது இவ்வளவுதான், இது முன்னாடியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நான் எப்போதும் உன்னைக் குறை சொல்கிறவன் என்பதால் என் பேச்சு அவளிடம் எடுபடவில்லை. நான் உன் மேல் எவ்வளவு கோபமாக இருக்கிறேனோ அவ்வளவுக்கு அவள் உன்னை எண்ணி அழுகிறாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள். தை மாதத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வருவாள், உன் மாமா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார், கொட்டகைக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். பொன்னாடை போர்த்தியதும் மைக்கைக் கொடுப்பீர்கள். நீ சொல்லிக் கொடுத்ததை அவள் சொல்லப்போவதில்லை. என்ன சொல்லப்போகிறாய் என்று மத்தியானம் கேட்டேன். புள்ள பொருள வெளிய போட்டு நான் கெடுத்துட்டேன், அவன் மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாரும் எங்க நைனாவ மன்னிக்கணும் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிடப்போவதாகச் சொன்னாள். கும்பிட்டுக் காட்டினாள். நான் அவளைத் தடுக்கவில்லை, தடுக்கவும் மாட்டேன். பொன்னாடை எடுத்து வருவதற்கு முன்னால் எழுந்து போய் மைக்கை நீ வாங்கிக்கொள்.